சுகமும் அமைதியும் உழைப்பும்

விலையுயர்ந்த மோட்டார் வண்டி எது என்று கேட்டால், விலைப்பட்டியலைப் பார்த்து விடை சொல்லிவிடலாம். நல்ல மோட்டார் வண்டி எது என்ற கேள்விக்கு விடை அத்துணை எளிதன்று. ஒருவர் மெத்தென்ற இருக்கையையும் குலுங்காத ஓட்டத்தையும் குறிப்பிடுவார். மற்றொருவர், உள்ளே இருப்போர் மெல்லப் பேசினாலும் கேட்கத்தக்க அமைதியைக் குறிப்பிடுவார். அனுபவம் மிக்க மூன்றாமவரோ, இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் காலையில் திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் இயங்குமா என்று கேட்பார். மூவர் சொல்வதும் உண்மையே. சுகம், அமைதி, நீடித்த உழைப்பு என்னும் இம்மூன்று குணங்களும் ஒரே வண்டியில் ஒருங்கே அமைதல் ஏன் அரிது, அமைந்த இடத்தில் அஃது எவ்வாறு அமைந்தது என்பவற்றையே இப்பேச்சில் ஆராயப் புகுகின்றோம்.

இது செல்வர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சி என்று எவரும் எண்ணவேண்டுவதில்லை. பெருவிலை கொண்ட வண்டிகள் புதிதாக இருக்கும்போது செல்வர் கையில் இருக்கின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவற்றின் விலை பெரிதும் சரிந்து, நடுத்தர வருவாயினர் எட்டிப் பிடிக்கும் நிலைக்கு வந்துவிடுகின்றது. சேமித்த பணத்தைக் கையில் வைத்திருக்கும் குடும்பத் தலைவர் ஒருவர், சிறிய புது வண்டியின் விலைக்கு அரசர்கள் ஏறிய வண்டி ஒன்று கிடைக்கின்றதே என்று ஆசைப்படுதல் இயல்பு. ஆனால் வண்டியின் விலைதான் சரிகின்றதேயொழிய அதன் உதிரிப்பாகங்களின் விலை சரிவதில்லை. பழைய வண்டிக்கும் அதன் பிறந்த விலைக்கேற்ற செலவே வந்துசேரும். ஆகவே தவறான தெரிவு ஒன்று, பிள்ளைகளின் படிப்புக்கென வைத்த பணத்தையும் விழுங்கிவிடக்கூடும்.

முதலிற் சுகத்தை எடுத்துக்கொள்வோம். சுகம் என்றதும் இருக்கையின் மென்மையையே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் அது சில்லுக்கும் உடற்கூட்டுக்கும் இடையே உள்ள வில்லிலேயே தொடங்குகின்றது. ஒவ்வொரு வில்லுக்கும் தான் ஏறியிறங்கும் வேகம் ஒன்று உண்டு. ஒரு செக்கனில் எத்தனை முறை ஏறியிறங்குகின்றது என்பதையே மீடிறன் என்கின்றோம். மனிதவுடல் மேலுங் கீழுமான அசைவுகளில், செக்கனுக்கு 4 முதல் 8 வரையான அசைவுகளையே மிகவும் வெறுக்கின்றது. வயிறும் மார்பும் அவ்வசைவோடு ஒத்து அதிர்வதே அதற்குக் காரணம். அசைவு செக்கனுக்கு அரைக்கும் குறைந்துவிட்டாலோ, கடற் பயணத்தில் உண்டாகும் குமட்டல் தோன்றுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையில், செக்கனுக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை அசையும் ஓட்டமே நமக்கு இனியது. நாம் ஆறுதலாக நடந்து செல்லும்போது நமது உடல் ஏறியிறங்கும் வேகமும் ஏறத்தாழ இதுவேயாம்.

இதனை ஆராய்ந்து தெளிந்தவர்களுள் ஒருவர் மொறிஸ் ஒலி என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். றோல்ஸ் றோய்ஸ் கம்பனியிற் பணிபுரிந்த அவர், 1930 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கடிலாக் பகுதிக்குச் சென்றார். பெரிய வண்டியொன்றில் நகர்த்தக்கூடிய பாரங்களைப் பொருத்தி, அவற்றை முன்னும் பின்னும் மாற்றிமாற்றி வைத்து ஓடிப்பார்த்தார். மேட்டில் முன்சில்லு முதலில் ஏறுகின்றது. பின்சில்லு சற்றுத் தாமதித்தே ஏறுகின்றது. இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினால், முன்பக்கம் தாழும்போது பின்பக்கம் உயர்ந்து, வண்டி தோணிபோல முன்பின்னாக ஊசலாடும். பின்வில்லைச் சற்று விரைவாக ஆடும்படி அமைத்துவிட்டால், பிந்தித் தொடங்கிய பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து, இரண்டும் ஒருங்கே ஏறியிறங்கும். தலை முன்னும் பின்னும் அசையாமையால் பயணிக்குக் களைப்புத் தோன்றுவதில்லை. இவ்வாராய்ச்சிகளின் பயனாக, 1934 ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிகளில் முன்சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறியிறங்கும் அமைப்புப் பெற்றன.

பெரிய வண்டி சிறிய வண்டியிலும் சுகமாக ஓடுவதன் காரணத்தையும் இங்கு சொல்லிவிடலாம். சில்லும் அச்சும் வில்லின் கீழே உள்ளன. உடற்கூடும் பயணிகளும் வில்லின் மேலே உள்ளனர். மேலுள்ள திணிவு மிகுந்து, கீழுள்ள திணிவு குறைந்திருக்குமாயின், சில்லு துள்ளும் துள்ளலால் மேலே உள்ளதை அசைக்க முடியாது. பாரித்த வண்டிக்கு இயல்பாகவே இந்நலம் உண்டு. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையேயுள்ள தூரம் மிகுந்திருப்பதும் இதற்குத் துணைசெய்கின்றது. இன்று அழகுக்கென்று பெரிய விளிம்புகளையும் ஒடுங்கிய ரயர்களையும் பூட்டுவோர், கீழுள்ள பாரத்தைக் கூட்டிக் காற்றுமெத்தையைக் குறைத்துவிடுகின்றனர். பணத்தைக் கொடுத்து அவர்கள் சுகத்தை விற்கின்றார்கள் எனலாம்.

சுகத்தின் எல்லையை வேறொரு வழியிற் சென்று தொட்டவர்கள் பிரெஞ்சுக்காரர். 1955 ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதத்தில் பாரிஸ் நகரக் கண்காட்சியிற் சிற்றோயென் டீ.எஸ். என்னும் வண்டி அரங்கேறியது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 12,000 பேர் அதற்குப் பதிவுசெய்தனர். போல் மாஜேஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த அமைப்பு அதில் இருந்தது. உருக்கு வில்லுக்குப் பதிலாக ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் உலோகக் கோளம். கோளத்தின் உள்ளே ஒரு மென்றகட்டின் ஒருபுறம் நைதரசன் வாயு. மறுபுறம் அமுக்கமேற்றிய திரவம். சில்லு ஏறும்போது திரவம் வாயுவை அமுக்குகின்றது. வாயு எல்லா வில்லினும் மென்மையான வில்லாதலால், கரடுமுரடான வீதியும் கம்பளம் விரித்ததுபோல ஆயிற்று. பயணிகள் எத்தனை பேர் ஏறினாலும், பம்பியானது திரவத்தை ஊட்டி, வண்டியின் உயரத்தை மாறாது காத்தது. 1962 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆம் நாள், பாரிஸை அடுத்த பெற்றி கிளமார் என்னுமிடத்தில், குடியரசுத் தலைவர் டி கோலைக் கொல்ல முயன்றோர் சுட்டு ரயர்களைத் துளைத்தபோதும், அவ்வண்டி கவிழாது விரைந்து தப்பியது வரலாறு. இந்தப் பிரெஞ்சு அமைப்புக்கு உரிமம் பெற்றுத்தான், 1965 ஆம் ஆண்டிற் பிறந்த றோல்ஸ் றோய்ஸ் சில்வர் ஷடோ தன் உயரத்தைச் சமன்செய்துகொண்டது.

ஆயினும் இச்சுகத்துக்கு ஒரு விலை இருந்தது. தொடக்கத்தில் டீ.எஸ். வண்டியிற் பயன்பட்ட செந்நிறத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் உட்புகவே குழாய்களும் வால்வுகளும் உள்ளிருந்து துருவேறின. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தின் பின்னரே பச்சை நிறமான கனிய எண்ணெய் அதன் இடத்தைப் பெற்றது. தொல்லையும் பெரிதும் தணிந்தது. அமெரிக்கரும் இப்பாடத்தை விலைகொடுத்தே கற்றனர். 1957 ஆம் ஆண்டு வெளிவந்த கடிலாக் எல்டொறாடோ புறூம் காற்றடைத்த பைகளின்மீது ஓடியது. பைகளும் வால்வுகளும் காற்றைக் கசியவிடவே, உரிமையாளர் பலர் அவற்றைக் களைந்தெறிந்து சாதாரணச் சுருள்வில்லைப் பூட்டிக்கொண்டனர். மென்மை மிகமிக அதனைக் காக்கும் பொறிகளும் மிகுகின்றன. பொறிகள் மிகமிகப் பழுதுபடும் இடங்களும் மிகுகின்றன.

இனி, அமைதியைப் பார்ப்போம். ஓசையைத் தெசிபெல் என்னும் அலகால் அளக்கின்றார்கள். இவ்வளவுகோல் நமது முழக்கோல் போன்றதன்று. 10 தெசிபெல் கூடினால் ஓசையின் வலு பத்து மடங்கு கூடியதாகப் பொருள். நமது செவிக்கோ அது ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். ஆகவே ஒரு வண்டியில் 60, மற்றொன்றில் 70 என்று படிக்கும்போது, வேறுபாடு சிறிதென்று எண்ணிவிடலாகாது. ஐந்து மணி நேரப் பயணத்தின் முடிவில், ஒன்றிலிருந்து இறங்குபவர் தெளிந்த முகத்தோடு இறங்குவார்; மற்றொன்றிலிருந்து இறங்குபவர் தலைவலியோடு இறங்குவார்.

ஓசை மூன்று வாயில்களாற் புகுகின்றது. முதலாவது எஞ்சின், இரண்டாவது வீதியும் ரயரும், மூன்றாவது காற்று. நகருக்குள் மெல்லச் செல்லும்போது எஞ்சினின் ஓசையே செவியில் விழும். வேகம் சற்றுக் கூடியதும் ரயரின் ஓசை மேலோங்கும். மேலும் விரைந்தாற் காற்றின் ஓசை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். காற்றோசையின் வலு வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப வளர்வது என்பது பௌதிக நூலார் கணிப்பு. வேகம் இரு மடங்கானால் அவ்வலு 64 மடங்காகும். அதாவது 18 தெசிபெல் கூடும். கடைத்தெருவைச் சுற்றி ஒருமுறை ஓடிப்பார்த்துவிட்டு, அமைதியான வண்டி என்று முடிவுகட்டுவதன் பேதைமை இதனால் விளங்கும்.

ஓசையை அடக்குவதற்கு வழிகள் இரண்டு. பிறந்த ஓசையைத் தடுத்து நிறுத்துவது ஒன்று. ஓசையைப் பிறக்கவிடாது செய்வது மற்றொன்று. முன்னையதற்குப் பாரமான தகடும், தடித்த கண்ணாடியும், இடைவெளியில்லாத கதவும் வேண்டும். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த மேர்சிடிஸ் பென்ஸ் பெருவண்டி, பக்கச் சாளரங்களில் இரட்டைக் கண்ணாடி கொண்டிருந்தது. 1968 ஆம் ஆண்டின் ஜகுவார் எக்ஸ்.ஜே. 6, முன்பின் அச்சுத் தொகுதிகளை றப்பர் மெத்தைகளின் மேல் ஏற்றி, வீதியின் இரைச்சலை உடற்கூட்டுக்கு எட்டாது தடுத்தது. அதன் ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நின்றமையால், ஒன்றின் அசைவை மற்றொன்று ஈடுசெய்ய, எஞ்சின் இயல்பாகவே சமநிலை பெற்றிருந்தது. றோல்ஸ் றோய்ஸ் வண்டிக்கு 1958 ஆம் ஆண்டில் டேவிட் ஒகில்வி எழுதிய விளம்பரத்தை இங்கு நினைக்கலாம். மணிக்கு 60 மைல் வேகத்திலும், அவ்வண்டியினுள் மிகுந்து கேட்பது மின்கடிகாரத்தின் ஓசையே என்பது அதன் கருத்து. விளம்பரத்தில் மிகைப்பாடு இருக்கலாம். ஆயினும் உலகம் அதனை இன்றும் மறக்கவில்லை என்பதிலிருந்து, அமைதிக்கு மனிதர் எவ்வளவு ஏங்குகின்றனர் என்பது புலனாகும்.

மூன்றாவது குணம் உழைப்பு. 1907 ஆம் ஆண்டில் றோல்ஸ் றோய்ஸ் கம்பனி சில்வர் கோஸ்ற் என்னும் வண்டியை இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, பழுதினால் நில்லாது 14,371 மைல் ஓடியதென்று நிறுவியது. அந்நாளில் வண்டிகள் சில மைலுக்கு ஒருமுறை நின்றுவிடுதல் வழக்கமாதலால், அந்த எண் அதன் புகழை நிலைநாட்டியது. இன்று இரும்பும் உருக்கும் எளிதில் உடைவதில்லை. காலப்போக்கிற் கெடுபவை றப்பரும், கம்பியின் காப்புறையும், எண்ணெயும், மின்னணுப் பகுதிகளுமே. வெப்பம் இவற்றின் முதற் பகை. இரட்டைக் கண்ணாடி பூண்ட அதே மேர்சிடிஸ் வண்டியின் முற்காலப் பிரதிகளில், காலத்தால் மட்கிப்போகும் வகைக் காப்புறையை மின்கம்பிகளுக்கு இட்டனர். எஞ்சினின் வெப்பத்தில் அது சில ஆண்டுகளிலேயே உதிர்ந்து, கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுப் பெருந்தொல்லை தந்தன. ஜகுவாரும் அமைதியிற் சிறந்திருந்தபோதிலும், 1970களில் அக்கம்பனியின் தொழிற்சாலைகளில் நிலவிய ஒழுங்கின்மையால், தரத்திற் பழிபெற்றது. அழகியதோர் ஓட்டத்தைத் தெருவோரத்தில் நின்று அனுபவிக்க முடியாதல்லவா?

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு, 1979 முதல் 1991 வரை வெளிவந்த முந்திய மேர்சிடிஸ் எஸ் வகுப்பு வண்டியாகும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவை உற்பத்தியாயின. அதன் வில் பெரும்பாலும் எளிய உருக்குச் சுருளே. திரவ அமைப்பு வேண்டுவோர்க்கு மட்டும் தரப்பட்டது. கடினமான இருக்கை போல முதலில் தோன்றினும், நெடும்பயணத்தில் முதுகைத் தாங்கும் வன்மை அதற்கு இருந்தது. அமைதியில் அது முதலிடம் பெறாது. உழைப்பில் அதனை வெல்வது அரிது.

இம்மூன்று குணங்களையும் ஒரே கூரையின் கீழ்க் கொணர முயன்றவர்கள் யப்பானியர். 1983 ஆம் ஆண்டில் ரொயோட்டா கம்பனித் தலைவர் ஏஜி ரொயோடா, உலகின் தலைசிறந்த வண்டியைச் செய்ய முடியுமா என்று தம்மவரை வினவினார். அதன் பொறுப்பேற்றவர்களுள் முதன்மையானவர் இச்சிரோ சுஸுக்கி. விரைந்து ஓடவேண்டும், ஆயினும் எரிபொருள் குறையவேண்டும். பாரமில்லாதிருக்கவேண்டும், ஆயினும் அமைதி குன்றக்கூடாது என்று, ஒன்றோடொன்று முரணுகின்ற நோக்கங்களை அவர் சோடி சோடியாக விதித்தார். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கும் பழைய பேரத்தை அவர் ஏற்கவில்லை. ஏறத்தாழ 450 மாதிரி வண்டிகள் செய்து சோதிக்கப்பட்டன. 1989 ஆம் ஆண்டு சனவரியில் டிற்றொயிற் நகரில் லெக்ஸஸ் எல்.எஸ். 400 என்னும் பெயரோடு அவ்வண்டி வெளிவந்தது.

அவர் கைக்கொண்டது, ஓசையைப் பிறக்கும் இடத்திலேயே தடுக்கும் வழியாகும். பாரமான போர்வைகளால் எஞ்சினை மூடுவதற்கு முன்னர், எஞ்சினின் பகுதிகளை மிக நுண்ணிய அளவுக்குக் கடைந்து அதிர்வைக் குறைத்தார்கள். எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் தண்டை இயன்றவரை நேர்கோட்டில் அமைத்தார்கள். இரு உருக்குத் தகடுகளின் இடையே அதிர்வை உறிஞ்சும் பொருளை வைத்து இணைத்துப் பயன்படுத்தினார்கள். உடலைக் காற்றுக்கு இசைவாகச் செதுக்கினார்கள். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் உள்ளே கேட்ட ஓசை ஏறத்தாழ 58 முதல் 60 தெசிபெல்; இருவர் அமைதியாக உரையாடும் அளவே அது. அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில், வண்டியின் மூடிமேல் மதுக்கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி, உருளைகளின்மேற் சில்லுகளை மிகுவேகத்தில் ஓடவிட்டனர். ஒரு கிண்ணமும் சரியவில்லை.

இங்கு உழைப்புக்கான இரகசியமும் இருக்கின்றது. அதிர்வு என்பது செவிக்கு மட்டும் தொல்லையன்று. அது திருகாணியைத் தளர்த்துகின்றது, றப்பரை அரைக்கின்றது, கம்பியைத் தேய்க்கின்றது. அதிர்வைப் பிறப்பிலேயே குறைத்தவன் அமைதியோடு ஆயுளையும் பெற்றுவிடுகின்றான். 1996 ஆம் ஆண்டில் உற்பத்தியான எல்.எஸ். 400 ஒன்று, 2019 ஆம் ஆண்டிற் பத்து இலட்சம் மைலைத் தாண்டியது யாவரும் அறிந்த செய்தி. குறையே இல்லாத வண்டி என்று இதனைச் சொல்லிவிடவும் முடியாது. ஸ்ரியறிங் பம்பியிலிருந்து எண்ணெய் கசிந்து கீழேயுள்ள அல்ரனேற்றரைக் கெடுப்பது இதன் பழகிய நோய். எஞ்சினின் பட்டியையும் காலந்தவறாது மாற்றவேண்டும். 1989 ஆம் ஆண்டு திசெம்பரில் இரண்டு முறைப்பாடுகள் வந்ததும், விற்ற 8,000 வண்டிகளையும் மீள அழைத்து, 20 நாட்களுக்குள், உரிமையாளரின் இல்லங்களுக்கே ஆட்களை அனுப்பித் திருத்திக்கொடுத்தார்கள். வண்டியின் நம்பகத்தன்மை அதனைச் செய்தவரின் நம்பகத்தன்மையிலிருந்து வேறானதன்று.

இவற்றை ஒருசேர நிறுத்தி ஒப்பிடுவோம். பழுதான வீதியிற் பெறும் சுகத்துக்குச் சிற்றோயென் முதலிடம் பெறும். அதன் திரவக் குழாய்களை அறிந்த திருத்துநர் அருகில் இல்லையாயின் அது வீட்டு முற்றத்துக்கு அணியாகிவிடும். ஜகுவார், ஓட்டத்தின் இனிமைக்கும் அழகுக்கும் பெயர்பெற்றது. பொறுமையும் பணமும் உடையார்க்கே அது தகும். 1991 ஆம் ஆண்டின் மேர்சிடிஸ், அமைதியிற் கோட்டை போன்றது; அதன் கம்பிகள் மாற்றப்பட்டனவா என்று முதலிற் கேட்கவேண்டும். அதற்கு முந்திய மேர்சிடிஸ், உழைப்பாளி. லெக்ஸஸோ, எதனிலும் வியப்பூட்டும் தனியழகு இல்லாதது என்று குறைசொல்லப்பட்டபோதும், மூன்று பாடத்திலும் சிறந்த புள்ளி வாங்கும் மாணவன் போன்றது.

பழைய பெருவண்டி ஒன்றை வாங்க எண்ணுவோர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் நன்று. எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அதனை முதன்முதல் இயக்கிப் பார்க்கவேண்டும். சூடாக்கி வைத்திருக்கும் வண்டி தன் நோயை மறைத்துவிடும். நகரவீதி, கரடான வீதி, விரைவு வீதி ஆகிய மூன்றிலும் ஓடிப்பார்த்தல் வேண்டும். வானொலியை நிறுத்திச் செவிசாய்த்தல் வேண்டும். காற்றுப்பையில் நிற்கும் வண்டியாயின், இரவு முழுவதும் நிறுத்திவைத்து, விடியலில் ஒரு மூலை தாழ்ந்திருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். பராமரிப்புப் பதிவேடு இல்லாத வண்டியை, பெறுபேற்றுச் சான்றிதழ் காட்டாத விண்ணப்பதாரியைப் போலவே மதித்தல் தகும். முடிவாக, வாங்கும் விலையோடு முதலாண்டின் திருத்தச் செலவுக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்கமுடியாதவர், அவ்வண்டியை வாங்காதிருப்பதே மேல்.

மின்சாரத்தால் இயங்கும் வண்டிகள் வந்துவிட்ட இக்காலத்தில் அமைதிக்கு இனிக் குறைவில்லை என்று சிலர் கருதலாம். எஞ்சினின் ஓசை அற்றுப்போனது மெய்யே. ஆனால் வகுப்பிற் பெருங்குரலெடுத்துப் பேசும் மாணவன் வராத நாளில், பின்வாங்கில் நடக்கும் முணுமுணுப்பெல்லாம் ஆசிரியரின் காதில் விழுவதுபோல, எஞ்சின் மௌனமானதும் ரயரின் இரைச்சலும் காற்றின் சீழ்க்கையும் சிறு கிறீச்சொலியும் தெளிவாகக் கேட்கத் தொடங்குகின்றன. மின்கலத்தின் பாரத்தைத் தாங்க விற்களும் வன்மையாக வேண்டியிருக்கின்றன. ஆகவே மொறிஸ் ஒலியும் போல் மாஜேஸும் சுஸுக்கியும் எதிர்கொண்ட வினாக்கள் தீர்ந்துவிடவில்லை. புதிய உருவில் மீண்டும் முன்னிற்கின்றன.

நேயர்களே, பளபளக்கும் வர்ணமும் பேழைபோன்ற உட்புறமும் ஒருநாட் காட்சியிற் கண்ணைக் கவர்ந்துவிடும். நல்ல வில்லையும், செம்மையாகக் கடைந்த எஞ்சினையும், தரமான கம்பியையும் கண் காண்பதில்லை. அவற்றை ஆண்டுகளே காட்டுகின்றன. ஒரு வண்டியின் மதிப்பை அறிய விரும்புவோர், புதுவண்டி நிற்கும் காட்சிச்சாலைக்குச் செல்வதற்கு முன்னர், அதே வகை வண்டியைப் பதினைந்து ஆண்டுகளாக வைத்திருக்கும் ஒருவரைத் தேடிச்சென்று, அதிற் கடந்த ஆண்டு எத்தனை முறை திருத்துநரிடம் போனீர்கள் என்று கேட்கட்டும். அவர் தரும் விடையே சரியான விலைப்பட்டியலாகும்.